வெறுங்காணி

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில்தான் அளக்கிறோம். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். சதுர மீற்றரில் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 வரும். ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், ஒரு பரப்புக் காணியில் விழும் தண்ணீர் 3 லட்சம் லீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் விழுந்து முடிந்துவிடும். பிறகு அடுத்த மாரி வரைக்கும் நாம் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாம் அந்த மூன்று மாதத்தில் மண்ணுக்குள் இறங்கியதிலிருந்துதான்.

இந்த 3 லட்சம் லீற்றர் எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. நொத்தாரிசு எல்லை எழுதுவார். கிணற்றுப் பங்கு எழுதுவார். வழிவாய்க்கால் உரிமையும் எழுதுவார். காணி உறிஞ்சும் மழையை எழுதுகிற வழக்கம் இல்லை. வரி மதிப்பீட்டிலும் அதற்கு இடமில்லை. அங்கே காணிக்கு மேல் வீடு நின்றால் வீடு, கடை நின்றால் கடை, ஒன்றும் நில்லாவிட்டால் அது வெறுங்காணி. புதிய ஆதன வரி ஒன்று வரப்போகிறது என்று பேச்சு அடிபடும் இந்த வேளையில், வெறுங்காணி என்ற அந்தச் சொல் குடாநாட்டுக்கு எவ்வளவு செலவு வைக்கக்கூடும் என்பதைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

முதலில் நிலத்தடி. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. எங்களுடைய நீர்த்தேக்கம் காலுக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைநீர் தங்குகிறது. கீழே கடல்நீர், அதற்கு மேல், அடர்த்தி குறைந்த நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் நீரியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது: கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. மேலே உள்ள தண்ணீர் நன்னீர். ஆழத்தில் உள்ளது உப்பு.

இந்தக் கல் வேலி எல்லை அறியாது. சுன்னாகத்தில் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது அது ஊருக்கே தெரியவந்தது. ஓரிடத்தில் நிலத்துக்குள் போனது பல வளவுகள் தாண்டிய கிணறுகளில் வந்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மின் உற்பத்திக் கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்தால் அதற்கு விலை உண்டு என்பது இப்படிச் சட்டத்தில் பதிவாகிவிட்டது. அதே நீரைத் தன் காணிக்குள் இறங்க விட்டுப் பேணுபவருக்கு என்ன மதிப்பு என்பது எங்கும் பதிவாகவில்லை.

பதிவாகியிருப்பது ஏறத்தாழ நேர்மாறானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் அபிவிருத்தி செய்யப்படாத காணிகள் மீதான வரி என்று ஒரு ஏற்பாடு உண்டு. கட்டடம் கட்டவோ நிரந்தரப் பயிர் செய்யவோ ஏற்றது என்று சபை கருதும் காணி அப்படிப் பயன்படாமல் கிடந்தால், அதன் மூலதனப் பெறுமதியில் 2 சதவீதம் வரை ஆண்டு வரி விதிக்கலாம். நோக்கம் விளங்காமலில்லை. காணியை முடக்கி வைத்து விலை ஏறும்வரை காத்திருப்பவரைத் தட்டியெழுப்ப எழுதப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் தாழ்வான காணியை மாரி வெள்ளத்துக்காக விட்டு வைத்திருப்பவரும் அந்தச் சொற்களுக்குள் அகப்படுவார். அவர் அதை மண் போட்டு நிரப்பி, அத்திவாரம் வெட்டிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

பேணலுக்காக எங்கள் சட்டப் புத்தகத்தில் இருப்பவை பெரும்பாலும் தடைகள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியில்லாமல் வயற்காணியை நிரப்புவதைக் குற்றமாக்குகிறது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா மரங்களோடு பெண் பனையும் அனுமதியின்றி வெட்டக்கூடாத மரங்களில் சேர்கிறது. 2007ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைத் திருத்தச் சட்டம் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை நிபந்தனையாக்கியது. மூன்றும் வேண்டியவைதான். ஆனால் தடை மட்டும் உள்ள இடத்தில் பேணுபவருக்கு மிஞ்சுவது செலவு; மீறுபவருக்கு மிஞ்சுவது, பிடிபடாதவரைக்கும், இலாபம். வயலை ஒரே நாளில் யாரும் நிரப்புவதில்லை. இந்த வருடம் ஒரு லோட் கிறவல், அடுத்த வருடம் இடித்த வீட்டின் கல்லும் காரையும், அதற்கடுத்த வருடம் வரம்பு இருந்த இடத்தில் தகர வேலி. அனுமதி கேட்க ஆள் வரும்போது அது வயலாகவே இராது.

சலுகை கொடுக்கத் தெரியாத அரசு என்றும் சொல்ல முடியாது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பூட்டினால் அந்தச் செலவில் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்க வருமான வரிச் சட்டம் இடம்தருகிறது. சோலை வரியை முழு ஆண்டுக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. வழிபாட்டிடங்களுக்கு விலக்கே உண்டு. அதாவது பொதுநன்மை ஒன்றுக்காக வரியைக் குறைப்பது எங்கள் சபைகளுக்குப் புதுப் பழக்கம் அல்ல. வரிசையில் முந்திக் கட்டியவருக்குக் கிடைக்கும் அந்தப் 10 சதவீதம், கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கியவருக்குக் கிடைக்காது. அவ்வளவுதான் வேறுபாடு.

இனி, வரப்போவது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஏற்பாடு தொடங்கியபோதே நாடு தழுவிய ஆதன வரி பற்றிய வாக்குறுதியும் அதில் இருந்தது. சொந்த வீட்டுக்கும் கற்பனை வாடகை கணித்து வரி எடுப்பது என்ற யோசனை 2024இல் வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. அது நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 2027இல் ஆதன வரி என்று அட்டவணை மாறியது. அதற்கு முன்தேவையாக, காணி விற்பனை விலைகளையும் வாடகைகளையும் ஒன்றுசேர்க்கும் இலத்திரனியல் பதிவேடு ஒன்று பேசப்படுகிறது.

கவனிக்க வேண்டியது வரி வருவதை விட, எதை வைத்து மதிப்பிடப்படும் என்பதை. பதிவேட்டில் ஏறுவது விற்ற விலை. இணுவில், உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய் செம்மண் தோட்டக் காணி வீட்டு மனையாக விற்கப்படும்போது வருகிற விலைக்கும் வெங்காயமும் பீற்றூட்டும் தரும் வருமானத்துக்கும் எந்த ஒட்டும் இல்லை. பக்கத்துத் தோட்டம் மனையாக விற்கப்பட்டால், உழுதுகொண்டிருப்பவரின் தோட்டத்துக்கும் மனை விலையே போடப்படும். விலையை ஏற்றியவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். ஏறிய விலைக்கு ஆண்டுதோறும் வரி கட்டப்போகிறவர் விற்காமல் இருப்பவர். கட்ட முடியாத நாளில் அவரும் இரண்டு பரப்பை வெட்டி விற்பார். சீதனமும் முதுசொமும் ஏற்கெனவே துண்டு துண்டாக்கிய தோட்டங்கள் அவை. வலிகாமத்தின் மழை மிக விரைவாக உள்ளே இறங்குவதும் அதே செம்மண்ணில்தான்.

ஓர் ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். முந்தி இரு பக்கமும் கதியால் வேலி: கிளுவை, பூவரசு, இடையில் பனையோலை அடைப்பு. வேலி ஆளை மறைக்கும், தண்ணீரை மறிக்காது. மாரி வெள்ளம் வளவுக்கு வளவு, வேலியின் அடியால் நழுவி, தாழ்வான தரவைக்கோ குளத்துக்கோ போய்ச் சேரும். கொஞ்சம் வழியிலேயே உறிஞ்சப்படும். இப்போது வேலிகள் மதில்களாகிவிட்டன. முற்றத்துக்கு மணல் போய் சீமெந்துக் கல் வந்துவிட்டது. கூரைத் தண்ணீர் குழாய் வழியே ஒழுங்கைக்கு. ஒழுங்கைக்கும் கொங்கிறீற் போட்டாயிற்று. கடைசியில், குளத்துக்குப் போகும் வழியில் இருந்த பள்ளக்காணியை யாரோ நிரப்பிவிட்டார்கள். கார்த்திகையில் அந்த ஒழுங்கையில் கேட்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “முந்தி வெள்ளம் வந்தாலும் ரெண்டு நாளில வத்திப்போகும் அண்ணை. இப்ப கிழமைக்கணக்கா நிக்குது. பங்குனியில பாத்தா கிணத்தில தண்ணி இல்லை.” வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டுக்கு ஒரே வருடத்தில் வருவதில் மாயம் ஒன்றும் இல்லை. உள்ளே போகவேண்டிய தண்ணீர் வெளியே நிற்கிறது. பிறகு கடலுக்குப் போகிறது.

இங்கே சட்டத்தை மீறியவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மதில் கட்டியவரும் முற்றத்தை மூடியவரும் தங்கள் காணிக்குள் செய்தார்கள். ஒவ்வொருவரும் சிறுகச் செய்ததன் கூட்டுத்தொகைதான் சிக்கல். இத்தகைய இடத்தில் தடை அதிகம் உதவாது. ஒவ்வொரு முற்றத்துக்கும் உத்தியோகத்தர் அனுப்ப எந்தச் சபையிடமும் ஆள் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வளவுக்கும் தவறாமல் போகிற கடிதம் ஒன்றுதான்: வரிச் சீட்டு.

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்தன என்பதில் பாடமும் உண்டு, பயமும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1956இல் விவசாய நிலத்தை மனை விலையில் மதிப்பிடாமல் விவசாயப் பயனில் மதிப்பிடும் முறையைத் தொடங்கிவைத்தது. கலிபோர்னியா 1965இல் வில்லியம்சன் சட்டத்தின் மூலம் அதை ஒப்பந்தமாக்கியது. நிலத்தை விவசாயத்தில் வைத்திருப்பதாகக் காணிக்காரர் குறைந்தது 10 ஆண்டுக்குக் கையெழுத்திட வேண்டும். பதிலுக்கு வரி, நிலம் தரும் விளைச்சலை வைத்துக் கணிக்கப்படும். தென்னாபிரிக்கா 2015இலிருந்து வேறொரு வழியில் போகிறது. நிலத்தை இயற்கைக் காப்பிடமாக 99 ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பவர் அதன் பெறுமதியில் ஆண்டுக்கு 4 சதவீதமாக 25 ஆண்டுகளில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இந்தியாவின் புனே மாநகராட்சி, மழைநீர் சேகரிப்பு, சூரிய சக்தி, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்றைச் செய்யும் வீட்டுக்குச் சொத்து வரியில் 5 சதவீதமும் ஒன்றுக்கு மேல் செய்தால் 10 சதவீதமும் குறைக்கிறது.

பயம் என்னவென்றால், சலுகை இருக்கும் இடத்துக்கு முதலில் வந்து சேருகிறவர் கணக்காளர். அமெரிக்காவில் நிலத்தின் கட்டட உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுப்பவருக்கு, விட்டுக்கொடுத்த பெறுமதியளவு வருமான வரிக் கழிவு உண்டு. சிலர் கூட்டாகச் சேர்ந்து மலிவாக நிலம் வாங்கி, அதன் பெறுமதியைப் பல மடங்கு ஊதிக் காட்டி, போட்ட காசைவிடப் பெரிய கழிவை எடுத்தார்கள். கோல்ஃப் மைதானங்களுக்கும் பேணல் என்ற பெயரில் கழிவு போனது. 2016 டிசம்பரில் வரித் திணைக்களம் இந்தக் கூட்டு ஏற்பாடுகளைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது. 2022 டிசம்பரில்தான் காங்கிரஸ் கடிவாளம் போட்டது: முதலிட்டதன் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கிடையாது. கலிபோர்னியாவில் சிக்கல் வேறு. வரியை இழந்த கவுண்டிகளுக்கு மாநில அரசு ஈடு கொடுத்துவந்தது. 2009 நிதி நெருக்கடியில் அது ஏறத்தாழ நின்றுபோனது. சுமை உள்ளூராட்சியின் தலையில் விழுந்தது.

இரண்டும் யாழ்ப்பாணத்தில் இன்னும் எளிதாக நடக்கக்கூடியவை. சலுகை என்று அறிவித்தால் முதல் வரிசையில் நிற்கக்கூடியது, சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, பற்றை மண்டிக் கிடக்கும் காணி. பற்றை மண்டினால் பேணல் ஆகாது. அங்கே குப்பை கொட்டப்படுகிறது; சிரட்டையிலும் உடைந்த சட்டியிலும் தண்ணீர் தங்கி டெங்கு நுளம்பு பெருகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சபைக்கு முறைப்பாடு எழுதுகிறார். பேணும் காணிக்கு அடையாளம் உண்டு: வழிவாய்க்கால் திறந்திருக்கும், பள்ளம் தூர்ந்திராது, கிணற்றைச் சுற்றித் துப்புரவு இருக்கும், மரத்தை யாராவது பார்ப்பார்கள். சலுகை அந்த வேலைக்குப் போகவேண்டும். வேலை செய்யாமல் காத்திருப்பதற்குப் போனால் அது விலை ஏற்றத்துக்கு நாங்கள் கொடுக்கும் மானியம்.

இன்னொரு முடிச்சு உரித்து. தேசவழமையின் கீழ் ஒரு காணி நாலைந்து சகோதரங்களின் பிரிபடாத பங்காக நிற்பது இங்கு சர்வசாதாரணம். ஒருவர் ஊரில், மற்றவர்கள் மூன்று கண்டங்களில். 10 ஆண்டு ஒப்பந்தத்துக்கு எல்லாருடைய கையெழுத்தும் வேண்டுமென்றால் அற்றோணி எழுதி வாங்குவதற்குள் ஆர்வமே போய்விடும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டவர்களின் நிலை இன்னும் தனி. போக விடாத காணியை அபிவிருத்தி செய்யவில்லை என்று கேட்பதற்கு எந்த வரிச் சட்டத்துக்கும் முகம் இருக்காது. மீண்டு வந்த காணியைத் துப்புரவாக்கிக் கிணற்றை இறைத்து எடுக்கவே சில வருடம் போகும். புதிய வரி எழுதுபவர்கள் கொழும்பில் இருந்து எழுதும்போது இந்த இரண்டையும் மறந்துவிடுவது மிக இயல்பு.

செலவே இல்லாத வழி ஒன்றும் இல்லை என்பதற்குத் தாளையடி சாட்சி. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பில் சிக்கியபிறகு, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் மருதங்கேணிக் கரையில் தாளையடியில் எழுந்தது. 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 கோடி 40 லட்சம் லீற்றர் அதன் கொள்ளளவு. மின்சாரம் தின்னும் தொழில்நுட்பம் அது, ஆனாலும் தேவை. இப்போது தொடக்கக் கணக்குக்கு வருவோம். அந்த நிலையத்தின் ஒரு நாள் தண்ணீர், 80 பரப்பில், அதாவது 5 ஏக்கரில், ஓர் ஆண்டு விழும் மழை. விழுவதில் மூன்றில் ஒரு பங்குதான் நிலத்தடியைச் சேரும் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 15 ஏக்கர். மறுபக்கமாகச் சொன்னால், 15 ஏக்கர் திறந்த மண்ணை மூடிவிட்டால், நிலையம் ஆண்டில் ஒரு நாள் அந்த 15 ஏக்கரின் இழப்பை ஈடுகட்டவே ஓடவேண்டும். மண் அந்த வேலையை மின்கட்டணம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஆதன வரி எழுதப்படுவதற்கு முன் கேட்டுவைக்க வேண்டியவை நாலு. தோட்டம், வயல், பள்ளக்காணி ஆகியவற்றுக்குப் பயன் மதிப்பில் வரி. மனை விலையில் வேண்டாம். அதைப் பெறுகிறவர் 10 ஆண்டு ஒப்பந்தம் செய்யவேண்டும். இடையில் நிரப்பினாலோ மனையாக வெட்டினாலோ விட்டுக்கொடுத்த வரி முழுவதும் வட்டியோடு திரும்பவேண்டும். பங்குக் காணியில், ஊரில் இருந்து பராமரிக்கும் பங்காளி தன் கையெழுத்தோடு ஒப்பந்தம் செய்ய வழி வேண்டும். சபைகள் இழக்கும் வருமானத்தை மத்திய வரியிலிருந்து ஈடுசெய்யச் சட்டத்திலேயே எழுதவேண்டும். ஆண்டுக்கு ஆண்டு கருணையாகக் கிடைப்பது முதல் நெருக்கடியில் நிற்கும். வீட்டு வளவுகளுக்கு இவ்வளவு தேவையில்லை. கூரைத் தண்ணீர் வளவுக்குள் இறங்குகிறதா, மதிலின் அடியில் வெள்ளம் போக வழி விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஜனவரிக் கழிவு போல ஒரு கழிவு போதும்.

இவற்றில் எதுவும் இல்லாமல் வரி வந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை; தனியார் ஒவ்வொருவரும் தங்கள் காணியின் கணக்கைச் சரியாகவே பார்ப்பார்கள். 4 பரப்புப் பள்ளக்காணிக்கு மனை விலையில் வரி கட்டுகிற ஒருவர், அதை மனையாக விற்பார். வாங்குபவர் நிரப்புவார். ஆண்டுக்கு 12 லட்சம் லீற்றர் மழை விழுகிற இடம் அது. ஆனால் போவது அது மட்டும் இல்லை. மேல்வளவுகளின் வெள்ளம் குளத்துக்குப் போன பாதையும் போகும்.

பின்னொரு நாள் சபையும் ஊரும் விழித்துக்கொண்டு, காசு சேர்த்துக் குளத்தைத் தூர்வாரலாம். படிக்கட்டு கட்டலாம், விளக்குப் போடலாம். நகரின் நடுவே ஆரியகுளத்தை அப்படி எடுத்து நிறுத்தியதை 2021இல் பார்த்தோம். குளத்தைத் திரும்பத் தோண்டிவிடலாம். அதற்குத் தண்ணீர் வந்த வழியில் இப்போது இருபது வீட்டு மதில்கள் நிற்கும். அவற்றைத் தோண்ட முடியாது.